தெற்குப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது

ஆர்லன் ஸ்கோக்லண்டுக்கு எந்தச் சாமான் வாங்கினாலும் அதோடு வரும் காகிதத்தைப் படிக்கும் வழக்கம் கிடையாது. காருக்கென்று செயற்கைக்கோள் வானொலிப் பெட்டி வாங்கி வந்த அன்றும் காகிதத்தைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார். பெட்டியை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் திருகி முடுக்கினார். அதோடு தீப்பெட்டி அளவில், அடியில் காந்தம் வைத்த ஆன்டெனா ஒன்று இருந்தது. வெளியே ஒட்டினால் பெயின்ட் கீறிவிடுமாம். அதனால் சீட்டுக்கு அடியில் இருந்த இரும்புச் சட்டத்தில் ஒட்டிவிட்டு, கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அதற்கப்புறம் இரண்டு நாள் அந்தப் பெட்டி ‘சிக்னல் தேடுகிறது’ என்ற ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தது.

குப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீவிப் படித்தது அவர் மனைவி லவோன்.

"ஆன்டெனா வானத்தைப் பாத்து இருக்கணும்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு ஆர்லன். நீ சீட்டுக்கு அடியில வச்சிருக்கே. பாதாளத்துலேருந்தா பாட்டு வரும்?"

"காந்தம் எங்க ஒட்டுதோ அங்கதான வைக்க முடியும்."

"அப்ப ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கலாமே? நானாவது சமைச்சுக்கிட்டே கேட்டிருப்பேன்."

மறுநாள் காலையில் ஆன்டெனா காரின் கூரைமேல் இருந்தது. யார் வைத்தார்கள் என்று லவோனும் கேட்கவில்லை.

இத்தனை பாடும் மகள் கிர்ஸ்டனுக்காக. வேலை பார்த்த பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வானொலிக்குப் போகிறேன் என்று அவள் மூன்று வருஷத்துக்கு முன்னால் சொன்னபோது, "பேசுறதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டு வைத்தவர் ஆர்லன். அவர் கேலிக்காகத்தான் கேட்டார். அவள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு எந்த நாளில், எந்த நிலையத்தில் பேசுகிறாள் என்று அவள் வீட்டில் மூச்சுவிட்டதே இல்லை. போன் செய்தால் ஆர்லன் எடுப்பார். "இங்க குளிர்தான். அம்மாகிட்ட குடுக்கறேன்" என்பார். மூன்று வருஷமாக அப்பனும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான்.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். கிழக்கே பாஸ்டன் பக்கம் கல்லூரிப் பெண்களின் ஐஸ் ஹாக்கி இறுதி ஆட்டம். வழக்கமாக வர்ணனை செய்பவருக்குத் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லையாம். சனிக்கிழமை மத்தியானம் கிர்ஸ்டன்தான் பேசப்போகிறாள். நாடு முழுக்கப் போகும் செயற்கைக்கோள் ஒலிபரப்பு. நன்றாக அமைந்தால் அடுத்த வருஷம் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் இந்த ஒரு ஆட்டத்தோடு சரி.

"அப்பா, நீங்க கேக்கணும். கேட்டுட்டு எப்படி இருந்துச்சுன்னு நீங்களே சொல்லணும். போனை அம்மாகிட்ட குடுக்கக் கூடாது" என்றாள்.

"கேக்கறேன்" என்றார் ஆர்லன். சொல்லிவிட்டு நேரே கடைக்குப் போனார்.

ஆனால் ஆன்டெனா கூரைக்கு ஏறியும் தொல்லை தீரவில்லை. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் வட மின்னசோட்டாவில் அந்தச் செயற்கைக்கோள்கள் தெற்கு வானத்தில்தான் நிற்கும், அதுவும் சற்றுத் தாழ்வாக. ஆர்லன் வீட்டுக்குத் தெற்கே இருபத்திரண்டு செம்பைன் மரங்கள். காற்றுத் தடுப்புக்கென்று அவரே நட்டு வளர்த்தவை. வாசலில் காரை நிறுத்தினால் நான்கு வார்த்தை வரும், ஐந்தாவது வார்த்தையை மரம் விழுங்கிவிடும். ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை கிளம்பவும் கிளம்பினார். லவோன் பார்த்த பார்வையில் ரம்பம் தானாகக் கொட்டகைக்குத் திரும்பியது.

வியாழக்கிழமை முழுக்க இருவரும் காரில் சுற்றினார்கள். லவோன் கண்ணைப் பெட்டியிலிருந்து எடுக்காமல், "வருது... வருது... போச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். தேவாலயத்துக்குப் பின்னால் கோபுரம் மறைத்தது. ஏரிக்கரையில் மரம். கடைசியில் பதினோரு மைல் சுற்றுவட்டாரத்தில் ஒரே ஒரு இடம் சிக்கியது. எங்கள் மாவட்டமான கவுன்ட்டியின் சாலையில், சரளைக்கல் தோண்டும் குழிக்குப் பக்கத்து மேடு. கிழக்கு மேற்காகப் போகும் சாலை, தெற்கே வெறும் உருளைக்கிழங்கு வயல், அதன்மேல் பனி, அதற்குமேல் வானம். வடக்கு ஓரத்தில் காரை ஒதுக்கினால் கண்ணாடி மாதிரித் தெளிவாகச் சத்தம் வந்தது.

ஒரே ஒரு சிக்கல்தான். அதை ஆர்லன் யோசிக்கவில்லை. யோசித்திருக்க வேண்டும். முப்பத்தொரு வருஷம் அந்தச் சாலையில் கவுன்ட்டியின் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர் அவர். அந்தப் பக்கத்தில் ஒரு தடவையாவது பள்ளத்தில் விழுந்து ஆர்லனின் சங்கிலியில் வெளியே வராத ஆள் கிடையாது. அதற்காக அவர் யாரிடமும் ஒரு கோப்பை காப்பிகூட வாங்கிக் குடித்ததில்லை. அந்த ஆளுடைய கார் சாலையோரத்தில் நின்றால் எங்கள் ஜனங்கள் சும்மா போவார்களா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊரில் ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம் என்று அர்த்தமில்லை. எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை வேண்டாம் என்போம், மூன்றாவது தடவை வாங்கிக்கொள்வோம். முதல் தடவையே வாங்கிக்கொள்கிறவன் ஊருக்குப் புதுசு. முதல் ‘வேண்டாம்’ என்பதைக் கேட்டுவிட்டுப் போகிறவன் மனுஷனே இல்லை.

சனிக்கிழமை மூன்று மணிக்கு ஃபிளாஸ்க்கில் காப்பி, பன்றித்தொடை சாண்ட்விச், கம்பளி எல்லாம் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார்கள். இன்ஜின் இரைச்சலில் வானொலி சரியாகக் கேட்கவில்லை என்று லவோன் சொன்னதால் இன்ஜினை அணைத்தார் ஆர்லன். சாவியைப் பாதி திருப்பி வைத்ததில் வானொலி மட்டும் ஓடியது.

"ஹார்ட்வெல், நார்த்ஃபோர்ட் அணிகள் மோதும் இறுதி ஆட்டத்துக்கு உங்களை வரவேற்பது கிர்ஸ்டன் ஸ்கோக்..."

டொக் டொக் என்று கண்ணாடியைத் தட்டினார்கள்.

கிராமத் தபால் சுமக்கும் மார்லிஸ். தன் வண்டியைப் பின்னால் நிறுத்திவிட்டு, முகமெல்லாம் பல்லாக நின்றாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் தபாலும் தானுமாகக் கவிழ்ந்து கிடந்தவள் அவள்.

"ஆர்லன்! என்னய்யா ஆச்சு? வண்டி படுத்துக்கிச்சா?"

"ஒண்ணுமில்ல மார்லிஸ். சும்மாத்தான் நிக்கறோம்."

"சும்மாவா? இந்தக் குளிர்லயா? டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன், ஏறுங்க."

"வேணாம், வேணாம்."

அது இரண்டு வேண்டாம். மூன்றாவதற்குக் காத்திருக்காமல் மார்லிஸ் பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி உட்கார்ந்தாள். தனியாக விட்டுப்போக மாட்டாளாம். கையில் எலுமிச்சை கேக் டப்பா. தன் முழங்கால் வலியில் ஆரம்பித்து, மருமகளின் முழங்கால் வழியாக, ஊரிலுள்ள எல்லா முழங்கால்களையும் ஒரு சுற்று வந்தாள். முன்னால் கிர்ஸ்டன் பேசிக்கொண்டே இருந்தாள். ஒரு கோல் விழுந்தது. யார் போட்டது என்பது தெரியவில்லை, மார்லிஸின் மச்சினிச்சிக்கு எந்தக் கால் என்பதுதான் தெரிந்தது.

"கொஞ்சம் சும்மா இரு மார்லிஸ்" என்று ஒரு வரி சொன்னால் போதும். ஆர்லன் வாயைத் திறந்தார். "கேக் நல்லாருக்கு" என்று வந்தது.

லவோன் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா என்பது ஆர்லனுக்குத் தெரியவில்லை. தபால் நினைவு வந்து மார்லிஸ் கிளம்பும்போது மூன்று சுற்றில் முதல் சுற்று முடிந்து, இரண்டாம் சுற்று ஓடிக்கொண்டிருந்தது.

"கேக் நல்லாருக்காம்ல!" என்றாள் லவோன். "பெத்த பொண்ணு நாட்டுக்கே பேசறா, இவரு கேக்கைப் புகழறாரு!"

"என்ன சொல்லச் சொல்றே? எறங்குன்னா?"

"ஆமா. அதுக்கு மூணு எழுத்துகூட இல்ல, சொல்லிப் பாரு."

"நாலு எழுத்து."

"எண்றதுக்கு மட்டும் குறைச்சலில்ல."

அப்போதுதான் மேட்டுக்கு அந்தப்புறம் உறுமல் கேட்டது. பால் டேங்கர். ஓட்டுபவர் மைலோ ப்ரிபில், ஆர்லனின் வயசுக்காரர். டேங்கரை அவர் பின்னால் நிறுத்தியிருக்கலாம், முன்னால் நிறுத்தியிருக்கலாம். காரை ஒட்டி, அதுவும் சரியாகத் தெற்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். கார் கண்ணாடி முழுக்கப் பளபளவென்று இரும்பு. கிர்ஸ்டனின் குரல் ஒரு சொல்லுக்கு நடுவே அறுந்தது. ‘சிக்னல் தேடுகிறது.’

"ஆர்லன் ஸ்கோக்லண்ட் நடுரோட்டுல! இதைப் பாக்கத்தான் நான் உயிரோட இருக்கேன்" என்று உயரத்திலிருந்து மைலோ குரல் கொடுத்தார். "பெட்ரோலா, பேட்டரியா?"

"ரெண்டும் இல்ல மைலோ. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"நானும் பள்ளத்துல தலைகீழாத் தொங்கிக்கிட்டு இதையேதான் சொன்னேன், ஞாபகம் இருக்கா?"

ஆர்லனுக்கு ஞாபகம் இருந்தது. அதுதான் தொல்லை. அவர் கண் பெட்டியில், காது மைலோவிடம், மனசு பாஸ்டனில். லவோன் முழங்கையால் இடித்தாள். "வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

"மைலோ, அது வந்து... உனக்கு நேரமாகலையா?"

"உன்னைவிட நேரமா பெருசு? பால் பொறுத்துக்கும்."

மைலோ இறங்கவும் இல்லை, போகவும் இல்லை. இந்த வருஷப் பனி, அந்த வருஷப் பனி, உருளைக்கிழங்கு, புதுப் பாதிரியாரின் இழுவைப் பேச்சு. பாதிரியார் இழுப்பதைப் பற்றி மைலோ பத்து நிமிஷம் இழுத்தார். "சரி, அப்ப நான் கெளம்பறேன்" என்று முதல் தடவை சொன்னபோது லவோன் நிம்மதியாக மூச்சு விட்டாள். எங்கள் ஊரில் அது விடைபெறுவதன் ஆரம்பம் மட்டுமே. நாலாவது ‘கெளம்பறேன்’ சொல்லி அவர் உண்மையாகவே கிளம்பியபோது முக்கால் மணி நேரம் ஓடிப்போயிருந்தது. தெற்கு வானம் திறந்தது. குரல் திரும்பி வந்தது.

"...மூன்றுக்கு மூன்று, சமநிலை, கடைசிச் சுற்றில் இன்னும் எட்டு நிமிடம்."

மொத்தம் ஆறு கோலா, எப்போது விழுந்தன என்று ஆர்லன் திகைத்தார். இருவரும் மூச்சுக் காட்டாமல் கேட்டார்கள். அடடா, என்ன பேச்சு! வீட்டில் இருந்தவரை இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசாத பெண். இப்போது பந்துக்குப் பதிலான அந்த வட்டு எங்கே ஓடுகிறதோ அங்கே அவள் சொல்லும் ஓடுகிறது. ஒன்றோடொன்று இடிக்காமல், யாரையும் விட்டுவிடாமல், பத்துப் பேரின் பெயரும் அவள் வாயில் புரள்கிறது. ஆர்லனுக்குக் கண்ணை மூடினால் பனித்தரை தெரிந்தது. தான் கேட்ட அந்தக் கேள்வியை நினைத்து உடம்பு கூசியது.

ஆறு நிமிஷம்தான் அந்தச் சுகம். பின்கண்ணாடியில் ஆரஞ்சு விளக்கு சுழன்றது.

கவுன்ட்டியின் பனி தள்ளும் வண்டி. ஆர்லன் ஓய்வு பெற்றபோது அவருடைய இடத்துக்கு வந்த கர்ட் என்ற முப்பது வயசு ஆள். ஆர்லனிடமே வேலை கற்றவன், அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவான். காரைத் தாண்டி முன்னால் நிறுத்திவிட்டு, தோளில் சங்கிலியோடு இறங்கி வந்தான். மாப்பிள்ளைக்கு மாலை கொண்டுவருகிற மாதிரி ஒரு பூரிப்பு.

"தலைவரே! மைலோ ஒயர்லெஸ்ல சொன்னாரு, நம்பவே இல்ல. நீங்க அசையாதீங்க. ரெண்டே நிமிஷம், இழுத்துட்டுப் போய் ஒர்க்‌ஷாப்ல விட்டுர்றேன்."

"கர்ட், வண்டியில ஒண்ணுமே இல்லப்பா."

"தெரியும் தலைவரே, அப்படித்தான் சொல்வீங்க."

"வேணாம் கர்ட்."

"சரி சரி" என்று சொல்லிக்கொண்டே காருக்கு அடியில் படுத்துக் கொக்கியை மாட்டினான்.

ஒர்க்‌ஷாப் இருப்பது பைன் காட்டுக்கு நடுவில். காருக்குள் வானொலியில் கிர்ஸ்டன் சொல்லிக்கொண்டிருந்தாள்: "நேரம் முடிந்தது! சமநிலை! இனி கூடுதல் நேரம், முதல் கோல் போடுகிறவர்களுக்குக் கோப்பை!" கார் ஒரு வெட்டு வெட்டி முன்னால் நகர்ந்தது.

ஆர்லன் கதவைத் திறந்துகொண்டு குதித்தார்.

"வேணாம்னா வேணாம்! ஒரு தடவை சொன்னா மண்டையில ஏறாதா? சங்கிலியைக் கழட்டு! கழட்டிட்டு இங்கேருந்து போ!"

அறுபத்தேழு வருஷத்தில் ஆர்லன் ஸ்கோக்லண்ட் கத்தி எவரும் கேட்டதில்லை. கர்ட்டின் முகம் விழுந்துவிட்டது. சங்கிலியைக் கழற்றிச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். "சரிங்க" என்றான். தலைவரே என்றுகூடச் சொல்லவில்லை. வண்டி மேற்கே நகர்ந்தது.

ஆர்லன் உள்ளே வந்து உட்கார்ந்தார். லவோன் அவர் முழங்கையைப் பிடித்து, "பாவம்தான். அப்புறம் போய் சமாதானம் சொல்லிக்கலாம். இப்ப கேளு" என்றாள்.

"...இடதுபுறம் வெட்டுகிறாள், வலைக்கு முன்னால் கூட்டம், வட்டு விடுபட்டு..."

பெட்டியின் விளக்கு மங்கியது. பிறகு அணைந்தது.

மரமில்லை, டேங்கர் இல்லை. வானம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திறந்து கிடந்தது. ஆர்லன் சாவியைத் திருப்பினார். டிக் என்றது. மறுபடியும் டிக். இரண்டரை மணி நேரம் இன்ஜினை அணைத்துவிட்டு வானொலியை ஓட்டினால் பேட்டரி என்ன செய்யும்? மூன்று பேர் வரிசையில் வந்து, கெஞ்சாத குறையாகக் கேட்டு, மூன்று பேரையும் ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பியாகிவிட்டது. இப்போது நிஜமாகவே கார் படுத்துவிட்டது.

மேற்கே ஆரஞ்சு விளக்கு இன்னும் தெரிவதை லவோன் விரலை நீட்டிக் காட்டினாள்.

ஆர்லன் மடியில் கிடந்த கம்பளியை எடுத்துக்கொண்டு வெளியே இறங்கி ஓடினார். அந்த வயசில், அந்த பூட்ஸோடு, பனியில் வழுக்கிக்கொண்டு, நடுச்சாலையில் சிவப்புக் கம்பளியைத் தலைக்குமேல் சுழற்றியபடி, "கர்ட்! டேய் கர்ட்! உதவி வேணும்டா! நில்லுடா!" என்று கத்திக்கொண்டே ஓடினார். யாராவது பார்த்தால் சிரிப்பார்களே என்ற நினைப்புகூட அவருக்கு வரவில்லை.

ஆரஞ்சு விளக்கு நின்றது. வண்டி பின்னோக்கி வந்தது. கர்ட் கண்ணாடியை இறக்கினான், முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

"என்னங்க? ஒண்ணும் வேணாம்னீங்க."

"வேணும். பேட்டரிக்கு மின்சாரம் வேணும், இப்பவே வேணும். என் பொண்ணு கிர்ஸ்டன் ரேடியோவுல பேசறா. அதைக் கேக்கத்தான் மத்தியானத்துலேருந்து இங்க உக்காந்திருக்கேன். உன்னைத் திட்டினது தப்பு, மன்னிச்சுக்க. சீக்கிரம் வாடா."

கர்ட் அவரை வெறித்துப் பார்த்தான். "கிர்ஸ்டனா? இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா தலைவரே? ரோட்டையே மறிச்சு நின்னிருப்பேனே!"

வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். "தெற்குப் பக்கம் நிக்காதே!" என்று லவோன் ஜன்னல் வழியாக அலறினாள். மூக்கோடு மூக்காக நிறுத்தி, தன் பேட்டரியிலிருந்து கார் பேட்டரிக்குக் கேபிளை மாட்டினான். இன்ஜின் இருமிப் பிடித்தது. பெட்டியில் விளக்கு வந்தது. ‘சிக்னல் தேடுகிறது’ என்றது. மூன்று தலைகளும் பெட்டிக்குமேல் குனிந்தன. தேடியது, தேடியது, அவ்வளவு பெரிய வானத்தில் எதைத்தான் தேடுமோ.

"...தனியாக வருகிறாள்! முன்னால் யாருமே இல்லை! கோல் காப்பவள் மட்டும்தான்! திருப்பினாள், தட்டினாள், உள்ளே! உள்ளே! ஹார்ட்வெல்லுக்குக் கோப்பை!" அவள் குரல் உடைந்து, பிறகு ஒன்று சேர்ந்தது. "இது... இது கிர்ஸ்டன் ஸ்கோக்லண்ட். வணக்கம்."

பாட்டு போட்டுவிட்டார்கள். ஆர்லன் கன்னத்தைப் புறங்கையால் துடைத்தார். மறைக்கவும் இல்லை.

ஐந்து நிமிஷத்தில் லவோனின் கைபேசி அடித்தது. அவள் எடுத்து, பார்த்து, ஆர்லனிடம் நீட்டினாள்.

"அப்பா?" கிர்ஸ்டனின் தொண்டை கட்டியிருந்தது. "கேட்டீங்களா? எப்படி இருந்துச்சு?"

நல்லாருந்துச்சுன்னு சொல்லு என்று லவோன் கையால் ஜாடை காட்டினாள். கர்ட்டும் தலையை ஆட்டினான். சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆர்லனுக்கு மனசு ஒப்பவில்லை.

"பாதிகூடக் கேக்கலம்மா" என்றார். "ரேடியோ மேல தப்பில்ல. வந்தவங்களைப் போகச் சொல்ல எனக்கு வாய் வரல. அவ்வளவுதான்."

"பரவாயில்லப்பா" என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "குளிரா இருக்கும் அங்க. அம்மாகிட்ட..."

"குடுக்க மாட்டேன்" என்றார் ஆர்லன் அவசரமாக. "கேளு. அந்தக் கடைசி கோல் சொன்னே பாரு, எனக்கு மூச்சே நின்னுபோச்சு. என் பொண்ணுன்னு ஊரெல்லாம் கத்தணும் போல இருந்துச்சு. அன்னிக்கு நான் கேட்டது மடத்தனம். பேசறதுக்குச் சம்பளம் குடுக்கலாம், உனக்கு ரெட்டிப்பாவே குடுக்கலாம். மீதியையும் நான் கேக்கணும் கிர்ஸ்டன். முதல்லேருந்து சொல்றியா?"

"மேட்ச்சையா? போன்லயா?"

"ஆமா."

"மூணு சுத்தும், கூடுதல் நேரமுமா?"

"எல்லாம். ஒரு ஆள்கூட விடாம. எனக்கு வேற வேலை எதுவும் இல்ல."

அவள் சிரித்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. யாரோ பின்னால் கூப்பிட்டதற்கு, "நீங்க போங்க, நான் வரேன்" என்று பதில் சொன்னாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தாள்.

"ஹார்ட்வெல், நார்த்ஃபோர்ட் அணிகள் மோதும் இறுதி ஆட்டத்துக்கு..."

ஆர்லன் கையை நீட்டி வானொலியை அணைத்தார்.